நானே வாங்கிக் கொடுத்தது

மறுபடியும் பிரேக்கை மிதிக்கிறார். நானும் மிதிக்கிறேன். என் காலடியில் மிதிக்க ஒன்றுமில்லை, ரப்பர் விரிப்புதான் இருக்கிறது, அதற்கடியில் தகரம், தகரத்துக்கடியில் ரோடு, ரோட்டை விட்டு ஒரு முழம் விலகினால் அதுவும் இல்லை, சில்வர் ஓக் மரங்களின் உச்சிதான் ஜன்னலுக்கு நேராக வந்து வந்து போகிறது. மரத்தின் உச்சி கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அதன் அடி எங்கே இருக்கும் என்று யோசிக்கக் கூடாது. கோத்தகிரியில் வண்டி ஏறியதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், யோசிக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. ஓட்டுவது என் கணவர் பூபதி. பின்சீட்டில் அவருடைய அக்கா பரிமளம் அண்ணி, அண்ணியின் மடியில் தலைவைத்து என் மகள் ஆதிரை தூங்குகிறாள், வளைகாப்பு வீட்டில் அவளுக்குப் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் லேசாகக் குலுங்குகின்றன. நல்ல வெயில். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறோம். மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோயமுத்தூர், இருட்டுவதற்குள் வீடு. இதில் பயப்பட என்ன இருக்கிறது? முன்சக்கரங்களில் இருக்கிற பிரேக் பேடுகள் நான் வாங்கிக் கொடுத்தவை. அதுதான் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து நிறுத்துகிற துண்டுகள், உள்ளங்கை அகலம்கூட இல்லை, என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பிஸ்கட் மாதிரி இருந்தது, கனமான கறுப்பு பிஸ்கட், அந்தப் பிஸ்கட்டின் மேல்தான் இப்போது நாலு பேர் உட்கார்ந்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

யாரும் என்னை வாங்கச் சொல்லவில்லை. இவர் கம்பெனி வேலையாக அகமதாபாத் போயிருந்தபோது போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வண்டிய செபாஸ்டின்கிட்ட சர்வீசுக்கு விட்டுரு, மலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாம் பாத்துரட்டும். செபாஸ்டின் எங்கள் தெருமுனையில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். விட்டிருக்கலாம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் நான் ஆஸ்பத்திரி பார்மசியில் நாளெல்லாம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், பேட்ச் நம்பர், சீல், அச்சின் நிறம், அட்டை ஓரத்தின் வெட்டு, ஒன்று சரியில்லை என்றால் என் விரலே சொல்லிவிடும் என்று ஒரு எண்ணம், போன தடவை சர்வீஸ் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஆயில் தார் மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்தபோது இவர்கள் என்ன ஊற்றுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று தோன்றியது, தோன்றியது அப்படியே தங்கிவிட்டது. நானே வாங்கிப் போனேன். சீல் உடையாத ஆயில் கேன், ஃபில்டர், பிரேக் பேட். ஆயிலைக் கடையில் போய் வாங்கினேன், பேடை மட்டும் போனிலேயே ஆர்டர் போட்டேன், அதே கம்பெனிப் பெயர், அதே நிறம், வீட்டுக்கே வந்துவிட்டது. செபாஸ்டின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து என் கண்ணெதிரில் கேனைத் திறக்கவைத்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று இருந்தேன். அன்று சாயங்காலம் இவரிடம் போனில் ஆயில் விஷயத்தை மட்டும் பெருமையாகச் சொன்னேன், இவர் சிரித்தார், ஓட்டலுக்குச் சாப்பிடப் போறப்ப வீட்டுலிருந்து உப்புக் கொண்டுபோற ஆளு நீயி என்றார், கூட இருந்தவர்களிடமும் சொல்லியிருக்க வேண்டும், பின்னால் ரெண்டு மூன்று சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேடைப் பற்றி எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். இப்போது அது சொல்லாமல் விட்ட விஷயமாக இல்லை, மறைத்த விஷயமாக இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் நான் ஒன்றுமே செய்யவில்லையே, சும்மாதானே இருந்தேன், சும்மா இருக்கும்போதே ஒன்று இன்னொன்றாக மாறிவிடுமா?

கருகிய வாசம் வருகிறது. இல்லை, வரவில்லை. வருகிறது. ஜன்னலை இறக்கினால் தேயிலை வாசம், குளிர்ந்த மண் வாசம், ஏற்றினால் அண்ணி தலையில் வைத்திருக்கிற மல்லிகை, அதற்கு அடியில் மெலிதாக ஒன்று, அடுப்பில் பிளாஸ்டிக் கரண்டியின் காம்பு பட்டால் வருமே அப்படி. செபாஸ்டின் பேடைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்துதான் பார்த்தார். முகர்ந்தார், கட்டைவிரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் திருப்பினார். எங்க வாங்குனீங்கக்கா என்றார். சொன்னேன். ம் என்றார். அந்த ம்மில் என்ன இருந்தது? நான் பார்மசியில் ஆயிரம் பேரிடம் ம் சொல்லியிருக்கிறேன், பாதி ம்முக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் செபாஸ்டின் ம் சொல்லிவிட்டு எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், கொஞ்ச நேரம் கழித்து வந்தார், நீங்க குடுத்தத மாட்டறனுங்க, நாளைக்கு ஏதாச்சும்னா என்னையச் சொல்லக் கூடாது என்றார். ஏதாச்சும்னா. ஏதாச்சும்னா என்னவென்று நான் கேட்டிருக்க வேண்டும். இது அசலா போலியா அண்ணா என்று வாயைத் திறந்து ஒரு கேள்வி. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், தெரியாதவள் எதற்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்? ஆகவே நான், அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா, பாத்துத்தான் வாங்கியிருக்கன் என்றேன். பாத்துத்தான் வாங்கியிருக்கன். அந்தக் குரல் இப்போது எனக்கே கேட்கிறது, எவ்வளவு திடமாக இருந்தது அது.

இன்று காலைவரை திடமாகத்தான் இருந்தேன். சீர்ப்பையை வைக்க டிக்கியைத் திறந்தபோது ஓரத்தில் அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. செபாஸ்டின் பழைய பேடுகளைப் புதுப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், எல்லா ஒர்க் ஷாப்பிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். தள்ளி வைக்கலாம் என்று எடுத்தேன், வெயில் சாய்வாக விழுந்தது, கம்பெனி முத்திரை ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் ஓரம் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று. மருந்து இப்படி வந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன், பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டுக்கு வந்தபோது ஏன் தெரியவில்லை, அன்றைக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தேனா, அல்லது பார்க்கவே இல்லையா, பெயரைப் பார்த்தேன், பெயர் சரியாக இருந்ததும் சந்தோஷப்பட்டுவிட்டேன். அதற்குள் அண்ணி வந்து, வாணி, நேரமாச்சு, என்னத்த டிக்கிய முறைச்சுட்டு நிக்கற என்றார். மூடிவிட்டேன். ஏறும்போது பயமில்லை, ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை. சடங்கு நடக்கும்போது சந்தனம் பூசினேன், வளையல் அடுக்கினேன், எல்லாரோடும் சிரித்தேன், சிரிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு ஸ்டிக்கரின் ஓரம் நிமிர்ந்து நிமிர்ந்து நின்றது.

சொல்லிவிடலாம். ஏனுங்க, அந்த பிரேக் பேடு நான் வாங்கிக் குடுத்ததுங்க, எனக்குச் சந்தேகமா இருக்குங்க. அவ்வளவுதானே. ஆனால் இந்தத் திருப்பத்தில் சொல்லக் கூடாது, திருப்பத்தில் சொன்னால் திடுக்கென்று என் பக்கம் திரும்புவார். அடுத்த நேர்ரோட்டில் சொல்கிறேன். நேர்ரோடு வருகிறது, முடிகிறது. மறுபடி திருப்பம். சொன்னால் பின்சீட்டில் அண்ணி நிமிர்ந்து உட்காருவார். வண்டிக்கு ஒன்றுமே ஆகாமல் வீடு போய்ச் சேர்ந்தாலும் இனி ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு காதுகுத்திலும் இதைச் சொல்லுவார், எங்க பூபதி சம்சாரம் இருக்கறாளே, அவ படிச்ச படிப்புக்கு நாங்க அன்னிக்கு மலையிலயே போயிருப்பம். நாலு உயிர் ஒரு பக்கம், அந்த ஒரு வரி ஒரு பக்கம். நான் அந்த வரிக்குத்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா? தராசில் வைத்துப் பார்க்கவே கூசுகிறது, ஆனாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது, ஆக எது கனம் என்று தராசு சொல்லிவிட்டது. ஆதிரை தூக்கத்தில் ஏதோ முனகுகிறாள். திரும்பிப் பார்க்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. சீட் பெல்ட் போடவில்லை, தூங்குகிற பிள்ளைக்கு எதுக்கு என்று அண்ணி கழற்றிவிட்டிருக்கிறார். அண்ணி, அவளுக்கு பெல்ட் போட்டு விடுங்க என்கிறேன். இப்பத்தான் தூங்குது, விடு என்கிறார். போடுங்கண்ணி. என் குரலில் என்ன இருந்ததோ, பேசாமல் போட்டுவிடுகிறார், பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது.

ஆதிரை வயசில் நான் மருதமலை அடிவாரத்தில் வாடகை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது பிரேக் ஒயர் அறுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. கைப்பிடியை அழுத்தினேன், அது லேசாக, மிக லேசாக, என் விரலோடு கூடவே வந்துவிட்டது. அதுவரை அழுத்தினால் அது திருப்பி அழுத்தும் என்று நினைத்துப் பார்த்ததுகூட இல்லை, அது நின்றபோதுதான் தெரிந்தது. விழுந்தது, முட்டி கிழிந்தது, எல்லாம் மறந்துவிட்டது, எந்த இடம் என்றுகூடச் சரியாக நினைவில்லை, அந்த லேசு மட்டும் விரலில் இருக்கிறது. இப்போது அவருடைய கணுக்காலைப் பார்க்கிறேன். கோத்தகிரியில் இவ்வளவு கீழே போகவில்லை கால். இப்போது போகிறது. செருப்பின் நுனி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவருடைய காலுக்கும் அந்த லேசு தெரிகிறதா? கேட்க முடியாது. அவர் பேசுவதும் இல்லை. இப்போதுதான் தோன்றுகிறது, ரொம்ப நேரமாக அவர் பேசவே இல்லை. வண்டி ஓட்டும்போது வாய் மூடாத மனுஷன், குரங்கைப் பார்த்தால் உன் தம்பி என்பார், எதிரில் பஸ் வந்தால் டிரைவருக்கு வணக்கம் வைப்பார், காலையில் ஏறும்போது அத்தனையும் செய்தார். இப்போது சுவரில் ஒரு பட்டாளம் குரங்கு உட்கார்ந்திருந்தது, பார்க்கவே இல்லை. வியர்வை. ஏசி ஓடுகிறது, காதுக்குப் பின்னால் வியர்வை வழிகிறது.

என்ன பூபதி, ஏதோ கருகற வாசம் வருது என்கிறார் அண்ணி.

டீ ஃபேக்டரி வாசம்க்கா என்கிறார் இவர். இங்கே டீ ஃபேக்டரியே இல்லை. தேயிலைத் தோட்டம் முடிந்து காடு வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பொய் சொல்லுகிறார், அப்படியானால் வாசம் நிஜம், என் மூக்கு என்னை ஏமாற்றவில்லை, ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மலையோரம் மஞ்சள் பலகை வருகிறது, இறக்கத்தில் இரண்டாவது கியரில் செல்லவும். கியரைப் பார்க்கிறேன். மூன்றில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் மேடம் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது, எந்தக் கியரில் ஏறுவீங்களோ அந்தக் கியரில் இறங்குங்க, பிரேக்கில் காலை வெச்சுட்டே வராதீங்க. சொல்லலாமா? ஓட்டுகிறவரிடம் கியரைப் பற்றிச் சொன்னால், ஓட்டத் தெரிஞ்சவங்க வந்து ஓட்டலாமே என்பார், எப்போதும் சொல்வது அதுதான். திருப்பம். ஹாரன். லாரி. கீழேயிருந்து ஏறி வருகிற லாரி திருப்பத்தை முழுசாக அடைத்துக்கொண்டு முகம் காட்டுகிறது, இவர் மிதிக்கிறார், நானும் மிதிக்கிறேன், வண்டி நிற்கவில்லை, நிற்கிறது, இல்லை இன்னும் போகிறது, லாரியின் நம்பர் பலகை, அதில் கட்டியிருக்கிற எலுமிச்சம்பழம், மிளகாய், மிளகாயின் காம்பு, காம்பு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது, நின்றுவிட்டது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, ஓவ், மெதுவா வாங்கய்யா என்று கத்துகிறார். அண்ணி, ஆத்தா மாகாளி என்கிறார். வளையல்கள் குலுங்கி அடங்குகின்றன. பிள்ளை விழிக்கவில்லை.

நிறுத்துங்க என்கிறேன்.

நின்னுட்டுத்தான இருக்குது என்கிறார் இவர். குரல் அவருடையதாக இல்லை.

ஓரமா நிறுத்துங்க. எங்காச்சும் அகலமா எடம் வந்ததும் நிறுத்துங்க.

ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது, ஏன் என்று கேட்கவே இல்லை. குஞ்சப்பனைக்கு முன்னால் ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில், பலாப்பழம் அடுக்கி வைத்த தட்டிக்கடைக்குப் பக்கத்தில், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார். இறங்குகிறேன். முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தால் அடுப்பு மாதிரி அடிக்கிறது சூடு. நீலமாக ஒரு நூல் புகை மேலே வந்து கலைகிறது. அவரும் இறங்கி வருகிறார், பானெட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அண்ணி உள்ளேயிருந்து என்னடா ஆச்சு என்கிறார். ஒண்ணுமில்லக்கா, வண்டி சூடாயிருச்சு, ஆறட்டும். நாங்கள் இருவரும் தடுப்புச்சுவர் ஓரமாக நிற்கிறோம், கீழே பார்க்காமல். இப்போது சொல்ல வேண்டும். நேர்ரோடு வந்துவிட்டது, நேர்ரோட்டில் சொல்வதாக இருந்தேன்.

ஏனுங்க, அந்த பிரேக் பேடு நான் வாங்கிக் குடுத்தது. செபாஸ்டின் வாங்குனதில்லீங்க. உங்ககிட்டச் சொல்லல. காலைல பெட்டியப் பாத்தன், ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. டூப்ளிகேட்டா இருக்கும்னு நினைக்கறன்.

சொல்லி முடித்துவிட்டேன். மலை அப்படியே இருக்கிறது. அவர் என்னைப் பார்க்காமல் எதிரே இருக்கிற பலாப்பழங்களைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியும் வாணி என்கிறார்.

என்ன தெரியும்?

நீ கொண்டுபோயிக் குடுத்தது. அன்னிக்கே செபாஸ்டின் போன் பண்ணுனான். அண்ணா, அக்கா பேடு கொண்டாந்திருக்காங்க, மாட்டட்டுமான்னு கேட்டான். மாட்டுப்பா, அவ பாத்துத்தான் வாங்கியிருப்பான்னு சொல்லிட்டன்.

வெளியே எழுந்து போனாரே செபாஸ்டின், அது இதற்குத்தானா. உள்ளே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்க, நான் கொண்டுபோன பொருளை மாட்டலாமா என்று அகமதாபாத்துக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். சுருக்கென்று ஒரு கோபம் வருகிறது, வந்த இடத்திலேயே இன்னொன்றும் வருகிறது, சிரித்த மனுஷன் மாட்டுப்பா என்று சொல்லியிருக்கிறார், அவ பாத்துத்தான் வாங்கியிருப்பா என்று, நான் செபாஸ்டினிடம் சொன்ன அதே சொல்லைச் சொல்லியிருக்கிறார், நான் சொன்னது பொய், இவர் அதை நம்பியிருக்கிறார். அப்பறம் ஏன் எங்கிட்டக் கேக்கல என்கிறேன். நீ சொல்லாம வெச்சிருக்கறயே, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டன் என்கிறார். பிறகு மெல்ல, இறங்க ஆரம்பிச்சதும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு, பிடிக்குமா பிடிக்காதான்னு பாத்துட்டே வந்தன், காலை எடுக்கவே இல்ல, எடுக்க முடியல வாணி, எனக்கு இறக்கம்னாலே ஆகாது, எப்பவுமே ஆகாது. பேசிக்கொண்டே குனிந்து தன் காலைப் பார்க்கிறார். வலது கால் ஆடுகிறது. வேட்டி அதிர்கிற அளவுக்கு ஆடுகிறது. இத்தனை வருஷமாக அந்தக் குரங்கும் வணக்கமும் இந்தப் பயத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. பிடிக்குமா என்று பார்க்கப் பார்க்க மிதித்திருக்கிறார், மிதிக்க மிதிக்கச் சூடேறியிருக்கிறது, சூடேறியதால் பிடிக்கவில்லை, பிடிக்காததால் இன்னும் மிதித்திருக்கிறார். அப்படியானால் பேடு நல்லதாகவே இருக்கலாம். அப்படியானால் போலியாகவும் இருக்கலாம். எது என்று இந்தப் புகையைப் பார்த்து யார் சொல்வது?

சாவியக் குடுங்க என்கிறேன்.

நீயா?

நாந்தான வாங்குனன்.

சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோனால் சுடாமல் ஆகிற வரைக்கும் நிற்கிறோம். அண்ணி பலாச்சுளை வாங்கிச் சாப்பிடுகிறார், எனக்கும் ஒன்று நீட்டுகிறார், வாங்கிக்கொள்கிறேன். ஏண்டா, வாணியா ஓட்டறா என்று தம்பியைக் கேட்கிறார். ஆமாக்கா, எனக்குக் கால் சரியில்ல. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு, அண்ணி தன் பெல்ட்டைத் தேடி இழுத்துப் போட்டுக்கொள்கிறார். முதல் கியர், இரண்டாவது கியர். இஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுத்துவைக்கிறது. பிரேக்கை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். திருப்பி அழுத்துகிறது. இன்னொரு தட்டு. அழுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த விரல், சைக்கிள் ஓட்டிய அந்த விரல், காத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன, ஒதுங்கி வழிவிடுகிறேன், போகட்டும், எல்லாரும் போகட்டும். பக்கத்து சீட்டில் இவர் ரப்பர் விரிப்பை மிதிக்கிறார். நான் மிதிக்கும்போது மிதிக்கிறார், நான் மிதிக்காதபோதும் மிதிக்கிறார். அவருடைய பயம் எனக்குத் தெரிகிறது, என்னுடையது அவருக்குத் தெரிகிறது, தெரிவதால் குறைகிறதா என்றால் இல்லை, இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கிறது. காற்று சூடாகிறது. பாக்கு மரங்கள் வருகின்றன. காதில் அடைத்திருந்தது பட்டென்று திறக்கிறது. ரோடு சாய்வதை நிறுத்திவிட்டது, நான் அதற்கப்புறமும் இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருக்கிறேன், போதும் வாணி, சமதளம் வந்துருச்சு என்று இவர் சொல்கிற வரைக்கும்.

தோப்பு நிழலில் நிறுத்துகிறேன். இஞ்சினை அணைக்கிறேன். ஆதிரை எழுந்து, ஊரு வந்துருச்சாம்மா என்கிறாள். இன்னும் இல்ல கண்ணு. இவர் போனை எடுத்து செபாஸ்டின் நம்பரைத் தேடுகிறார். குடுங்க, நான் பேசறன் என்கிறேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போது தொண்டையில் இருக்கிறது. மணி அடிக்கிறது. சொல்லுங்கண்ணா என்கிறார் செபாஸ்டின். அண்ணா இல்லீங்க, நான் வாணி. அந்த பிரேக் பேடு, அன்னிக்கு மோந்து பாத்தீங்களே, அது அசலா டூப்ளிகேட்டா?

ஒர்க் ஷாப்பில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம். பிறகு அவர் குரல், தணிந்து.

தெரியலீங்கக்கா. பாத்தா அசலாட்டத்தான் இருந்துச்சு. நிச்சயமாச் சொல்ல முடியல. அதான் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டன்.

தெரியவில்லை. அந்த ம்முக்குள் இருந்தது அவ்வளவுதான். வருகிற வழியெல்லாம் அந்த ம்மைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன், உள்ளே ஒரு மனுஷர் தெரியாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறார், என்னைப் போலவே, வெளியில் சொல்லாமல். கழட்டிப் பாத்தாத் தெரியுமாண்ணா என்கிறேன். பாத்தாலும் தெரியாதுங்கக்கா, அப்படிச் செய்யறானுங்க இப்ப. அப்பச் சரி, வந்ததும் மாத்திருங்க, இந்தத் தடவை நீங்களே வாங்கிப் போடுங்க. போட்டர்றனுங்க என்றவர், வைக்காமல், நான் வாங்குனாலும் கடைக்காரன் குடுக்கறதுதானுங்கக்கா, பெட்டிய நம்பித்தான் வாங்கோணும் என்கிறார்.

போனைத் திருப்பிக் கொடுக்கிறேன். என்ன சொன்னான் என்கிறார் இவர். அவருக்கும் தெரியலயாம். இவர் தலையை ஆட்டுகிறார், சிரிக்கவில்லை. ரோட்டில் பஸ்கள் போகின்றன, மேலே ஏறுகிறவை, கீழே இறங்கி வருகிறவை, ஒவ்வொன்றிலும் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்குகிற முகங்கள், ஒவ்வொன்றின் சக்கரத்திலும் யாரோ ஒருவர் பார்த்துத்தான் வாங்கியிருப்பார் என்று யாரோ நம்பிய ஏதோ ஒன்று. கோயமுத்தூர் இன்னும் தூரம் இருக்கிறது. நான் ஓட்டட்டுமா என்கிறார். வேண்டாங்க என்கிறேன். அணைத்த வண்டியில் இவ்வளவு நேரமும் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிகிறது, தொடை வலிக்கிறது. சாவியைத் திருப்புகிறேன். கியரைப் போடுகிறேன். காலை எடுக்க வேண்டும். எடுக்கிறேன்.